புளுகத்தில் சொன்னது

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் நியமனக் கடிதத்தை இன்னும் மடிப்புக் குலையாமல் வைத்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

உங்கள் ஒன்றுகூடலில் வாசிக்க, "அனுபவத்தில் இருந்து நாலு நல்ல வார்த்தை" எழுதித் தரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தீர்கள். வந்தவர் என்னைக் கண்டதும் கொஞ்சம் ஏமாந்து போனார். நரைத்த தாடியும் இருமலுமாகக் கட்டிலில் சாய்ந்திருக்கும் ஒருவரை எதிர்பார்த்திருப்பார் போல. நானோ சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மீன் துண்டைத் தூக்கிய பூனையை மதில்வரைக்கும் துரத்திக்கொண்டிருந்தேன். காலத்துக்கு முன்னமே ஓய்வு எடுத்தவன் நான். நீதிமன்றத்துக்கு நான் செய்த மிகப் பெரிய சேவை அதுதான் என்று சொல்பவர்கள் உண்டு. என் மனைவி அந்தக் கட்சியில் இல்லை. அந்தச் சேவையால் பாதிக்கப்பட்டவர் அவர்தான்.

நாலு வார்த்தை என்னிடம் இல்லை. ஒன்றுதான் இருக்கிறது: புளுகம். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு மனுசியின் உத்தியோகத்தையே கவிழ்க்கப் பார்த்தவன் நான். அதுவும் காலை பத்து மணிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடையில், மின்விசிறி ஓடாத ஒரு நாளில்.

வேறு பக்கங்களில் இருந்து மட்டக்களப்புக்கு வேலைக்கு வந்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். புளுகு என்றால் பொய். அது எல்லாத் தமிழருக்கும் தெரியும், தெரிந்ததோடு நிற்பதுமில்லை. புளுகம் என்பது வேறு. மனம் நிறைந்து, நிறைந்தது கொள்ளாமல் வழிந்து, கை எது கால் எது என்று ஆளுக்கே விளங்காமல் போகிற சந்தோசம். சந்தோசம் இருந்த இடத்தில் இருக்கும். புளுகம் எழும்பித் துள்ளும்.

இதற்கு நம்மிடம் சொல்லுக்கா பஞ்சம்? கலியாணக் கார்ட்டில் மகிழ்ச்சி. கோயில் நோட்டீசில் ஆனந்தம். மண்டூர்த் தீர்த்தத்துக்குப் போய் வந்தவர் பரவசம் என்பார். மெதடிஸ்த கோயிலில் களிகூருவார்கள். வானொலியில் குதூகலம். இவை எல்லாம் குளித்து, தலைசீவி, நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு வெளியே போகிற சொற்கள். புளுகம் வீட்டுச் சொல். தலைசீவாமல் முற்றத்தில் நிற்கும். அதனால்தான் அகராதிக்காரர்களின் கண்ணில் அது அவ்வளவாகப் படுவதில்லை.

அதிலும் எத்தனை விதம்! பிள்ளை அளவுக்கு மிஞ்சித் துள்ளினால், "என்ன, புளுகம் கூடிப்போச்சோ?" என்று அதட்டுவார்கள். புது மோட்டார் சைக்கிள் எடுத்தவன் தேவையில்லாமல் சந்தியை நாலு தரம் சுற்றினால், "அவர் இப்ப புளுகத்தில நிக்கிறார்" என்பார்கள். சொல்கிறவருக்கு உள்ளே கொஞ்சம் எரியும். பெண் பார்த்துவிட்டுப் போன பகுதி 'எங்களுக்குச் சம்மதம்' என்று சொல்லி அனுப்பினால் தாய்க்காரி அடுப்படிக்குள் போய் அழுவாள். அதுவும் புளுகம்தான். ஆக, சிரிப்பு, அழுகை, பெருமை, துள்ளல், கொஞ்சம் மூளைக்குறைவு எல்லாம் சேர்ந்த ஒரு கூட்டு. இதை ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் சொல்லுங்கள் பார்ப்போம்.

நான் சொன்னேன். அதுதான் கதை.

ஊர்ப் பெயர் வேண்டாம். களுதாவளையைத் தாண்டிப் போகிற பாதையில், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒரு முழம் நிலம் என்று கிடக்கிற ஊர்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சுனாமிக்குப் பிறகு அங்கே கிணறெல்லாம் உவர். குடிக்கிற தண்ணீர் பவுசர் லொறியில் வரும், வராமலும் விடும். பிறகு பைப் போட்டார்கள். வீட்டுக்கு வீடு நீலக் குழாய் வந்தது. மீற்றர் வந்தது. மீற்றர் வாசிக்கிறவர்கூட ஒருநாள் வந்தாராம். தண்ணீர் மட்டும் வரவில்லை.

அந்த ஊரில் பூமணி என்று ஒரு மனுசி. நாற்பதைத் தாண்டிய வயது. புருசன் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகள். ஆஸ்பத்திரி ஒன்றில் பத்து வருசமாகத் தற்காலிகச் சிற்றூழியராகக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தார். பைப் பூட்டிய நாளில் இருந்து ஒவ்வொரு காலையும் எழும்பியதும் அதைத் திருகிப் பார்ப்பது அவருக்குப் பழக்கம். காற்றுக்கூட வராது. மூடிவிட்டுக் குடத்தைத் தூக்குவார்.

ஒரு சனிக்கிழமை காலை பைப் இருமியது. பிறகு சீறியது. பிறகு செம்மண் நிறத்தில் ஒரு துப்பல். அதன்பிறகு, தண்ணீர். கண்ணாடி மாதிரித் தண்ணீர்.

பூமணி தெருவுக்கு ஓடிவந்து, இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, அந்த வட்டாரமே கேட்கக் கத்தினார்:

"தண்ணி வந்திட்டு! தண்ணி வந்திட்டு! எல்லாரும் ஓடியாங்க!"

இப்போது நீங்களே சொல்லுங்கள். சுனாமியைக் கண்ட ஊர். காலை நேரம். ஒரு மனுசி கையைத் தூக்கிக்கொண்டு இப்படிக் கத்தினால் எந்த மனுசன் நின்று, "எந்தத் தண்ணி அக்கா?" என்று விளக்கம் கேட்பான்?

நாலு வீடு தள்ளி, வயதுக்கு வந்த ஒரு பிள்ளைக்குச் சாமத்தியச் சடங்கு நடந்துகொண்டிருந்தது. தலைக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்த மாமி குடத்தை வீசிவிட்டு ஓடினார். ஈரப் பாவாடையோடு எல்லாருக்கும் முன்னால் ஓடியது அந்தப் பிள்ளைதானாம். சமையற்காரர் அகப்பையோடு வேலி பாய்ந்தார். ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் தண்ணீர்த் தாங்கியின் இரும்பு ஏணியில் ஏறிவிட்டார். இறக்குவதற்குப் பின்னேரம் ஆனது. கடலுக்குப் பயந்து மேற்கே ஓடிய கூட்டத்துக்கு, மேற்கே வாவி இருக்கிறது என்பது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்ததாம். ஒரு முச்சக்கர வண்டி ஒன்பது பேரோடு வாய்க்காலுக்குள் இறங்கியது. ஒருவருக்கு மணிக்கட்டு முறிந்தது. சடங்குச் சோற்றை மாடுகள் நிம்மதியாகத் தின்றன.

மணிக்கட்டு முறிந்தவர் பொலிசுக்குப் போனார். பொய்ச் செய்தி சொல்லிப் பொதுமக்களைப் பீதிக்குள்ளாக்கினார் என்று பூமணி மேல் வழக்கு.

வாக்குமூலம் எடுத்தவர் ஒரு சார்ஜன்ட். சிங்கள ஆள், ஆனால் தமிழ் வகுப்புக்குப் போய், சோதனை எழுதிப் பாஸ் பண்ணியவர். சட்டைப்பையில் ஒரு சின்ன அகராதியும் வைத்திருப்பார். பூமணி "புளுகத்தில சொல்லிப்போட்டன்" என்றார். சார்ஜன்ட் அகராதியைப் பார்த்தார். புளுகு இருந்தது. புளுகம் இல்லை. மனுசி இலக்கணம் தெரியாமல் பேசுகிறார் என்று இரக்கப்பட்டு, "புளுகு சொன்னேன்" என்று திருத்தி எழுதினார். கெட்ட மனுசர் இல்லை. நல்ல மனுசர் அகராதி வைத்திருந்தால் நடக்கிற ஆபத்து அது.

இனி நான் வருகிறேன்.

அந்த நாட்களில் எங்கள் நீதிமன்றத்துக்கு ஒரு புதிய நீதவான் அம்மா மாற்றலாகி வந்திருந்தார். இளம் வயது. தமிழ் தெரியாது, ஒரு கொப்பியில் சொல் சொல்லாக எழுதிப் படித்துக்கொண்டிருந்தார். சாட்சியோ, எதிரி என்று நாம் சொல்லும் குற்றம் சாட்டப்பட்டவரோ தமிழில் சொல்வதை நான் ஆங்கிலத்தில் சொல்ல, அவர் எழுதுவார். வந்த முதல் நாளே என்னைக் கூப்பிட்டு, "முதலியார், சொல்லுக்குச் சொல். உங்கள் சரக்கு எதுவும் வேண்டாம்" என்றார். மொழிபெயர்ப்பாளரை நாம் முதலியார் என்பது உங்களுக்குத் தெரியும். பட்டம் பெரிது. அதைத் தாங்குகிற முழங்கால்தான் சரியில்லை என்பது பிறகு தெரிந்தது.

பூமணியின் வழக்கு வந்த அன்று மின்சாரம் இல்லை. யன்னல் எல்லாம் திறந்து கிடந்தது. வெளி விறாந்தையில் மற்ற வழக்குக்காரர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். நான் வியர்வையில் ஊறி, பூமணியின் வாக்குமூலத் தாளால் விசிறிக்கொண்டிருந்தேன். விசிறும்போது அதில் உள்ளது கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது: புளுகு சொன்னேன், புளுகு சொன்னேன், புளுகு சொன்னேன்.

பூமணிக்குச் சட்டத்தரணி இல்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் கவரைப் பிடித்துக்கொண்டு கூண்டில் ஏறினார். குற்றச்சாட்டை வாசித்து, விளங்கியதா என்று கேட்டேன்.

"விளங்கிச்சு ஐயா. ஓம், நான்தான் கத்தினன். புளுகத்தில சொல்லிப்போட்டன். ஆருக்கும் கெடுதி நினைச்சுச் சொல்லல்ல."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, நல்ல எடுப்பான ஆங்கிலத்தில், 'ஆம், நான்தான் கத்தினேன். பொய்யாகச் சொன்னேன். யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை' என்றேன்.

நீதவான் எழுதினார். 'எதிரி குற்றத்தை ஏற்றுக்கொள்கிறார்.' பேனையை வைத்துவிட்டு பூமணியை நல்ல முகத்தோடு பார்த்தார். மறைக்காமல் ஒத்துக்கொண்டதால் கடுமையாக எதுவும் செய்யப்போவதில்லை, குற்றவாளியாகக் கண்டு எச்சரித்து விடலாம் என்று யோசிப்பதாகச் சொன்னார். சொல்லிவிட்டு, முன்னைய கட்டளை ஒன்றைத் தேடிப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார்.

பூமணி கூண்டுக்கு மேலால் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"முடிஞ்சிதா முதலியார் ஐயா?"

"முடிஞ்ச மாதிரித்தான். பேசாம நில்லுங்க."

"அப்ப திங்கக்கிழமை வேலைக்குப் போகலாந்தானே?"

"என்ன வேலை?"

பிளாஸ்டிக் கவரை நீட்டினார். நிரந்தர நியமனக் கடிதம். பத்து வருசத்துக்குப் பிறகு வந்தது. நான் அதைத் தலைகீழாகவே வாசித்தேன்; நம் தொழிலில் அதுவும் ஒரு திறமை. ஐந்தாவது நிபந்தனை: நீதிமன்றம் எதிலும் குற்றவாளியாகக் காணப்பட்டவராக இருத்தல் ஆகாது.

"இது வந்தண்டைக்கும் புளுகம்தான் ஐயா," என்றார் பூமணி. "ஆனா அண்டைக்கு வாயைப் பொத்திக்கிட்டன். அடுப்படிக்குள்ள போய், முந்தானைய வாய்க்குள்ள அடைச்சிட்டுத்தான் துள்ளினன். மறுகா ஆரும் ஓடிப்போய் வாவிக்குள்ள விழுந்திட்டா?"

புளுகம்.

என் வீட்டில் என் தாய் தினமும் சொன்ன சொல். நான் சோதனை பாஸ் பண்ணிய அன்று என் தகப்பன் வேட்டியைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு தெருவில் நின்றபோது, "இந்த மனுசனுக்குப் புளுகத்தில உடுப்பும் நிக்குதில்ல" என்று அயலெல்லாம் சிரித்த சொல். அந்தச் சொல்லை, பூமணி வாய் திறந்து சொல்ல, நான் காதால் கேட்கவே இல்லை. கையில் இருந்த காகிதத்தைத்தான் கேட்டிருக்கிறேன். மனுசி சொன்னதை விட்டுவிட்டு, மனுசி சொன்னதாக எழுதப்பட்டதை மொழிபெயர்த்திருக்கிறேன். அதுவும் நல்ல எடுப்பான ஆங்கிலத்தில்.

பிள்ளைகளே, பயம் எப்படி வரும் என்று பெரிய ஆட்கள் எழுதுவார்கள். எனக்குக் காதில் இருந்து தொடங்கியது. இரண்டு காதும் சுட்டது. அதற்குப் பிறகு முழங்கால் ஒன்று ஆடத் தொடங்கியது. மற்றது அதைப் பார்த்துப் பழகியது. நான் மேசையைப் பிடித்தேன். மேசையும் ஆடியது. நீதவான் புத்தகத்தில் இருந்து நிமிர எத்தனை விநாடி இருந்ததோ தெரியாது, அதற்குள் என் மூளை மளமளவென்று வேலை செய்தது. மயங்கி விழலாம். ஆனால் விழுகிற பக்கம் சார்ஜன்ட் நின்றார். கழிப்பறைக்குப் போகலாம். திரும்பி வருவதற்குள் கட்டளை எழுதியாகிவிடும். மின்விசிறிச் சத்தத்தில் காது கேட்கவில்லை எனலாம். மின்சாரம் இல்லை. எல்லாப் பழியையும் சார்ஜன்டின் அகராதி மேல் போடலாம். இதுதான் நல்லதாகத் தெரிந்தது. இதில் ஒரு ஐந்து விநாடி சந்தோசமாகக்கூட இருந்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்களுக்கு மூத்த முதலியார் ஒருவர் இருந்தார். பின்னேரங்களில் கண்ணைத் திறந்துகொண்டே நித்திரை கொள்வார். அவர் எனக்குப் படிப்பித்தது ஒன்றே ஒன்று: "பிழை விட்டா உடன எழும்பு. இருந்து யோசிச்சியெண்டா சாட்டு வரும்." எனக்கு அதற்குள் நாலு சாக்குப்போக்கு வந்துவிட்டது. ஐந்தாவது வருவதற்குள் எழும்பினேன்.

எழும்பினேனே தவிர, பேச வரவில்லை. எனக்கு மூன்று மொழி தெரியும் என்று அரசாங்கம் சான்றிதழ் தந்திருக்கிறது. அந்த நேரத்தில் மூன்றும் ஒரே வாசலால் வெளியேற முண்டியடித்தன. "மெடம், சமாவென்ன, ஒரு மிஸ்டேக்" என்று சிங்களத்தில் மன்னிப்பும் ஆங்கிலத்தில் பிழையுமாகச் சொன்னேன்.

நீதவான் நிமிர்ந்தார். "யாருடையது?"

"என்னுடையது. பொய் என்ற சொல்லை வெட்டவேண்டும்."

"வெட்டிவிட்டு?"

"சந்தோசம் என்று எழுதவேண்டும்."

விறாந்தையில் பீடா மென்றுகொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டார்.

"முதலியார்," என்றார் நீதவான். குரல் உயரவில்லை, அதுதான் பயம். "பொய்க்கும் சந்தோசத்துக்கும் உங்கள் மொழியில் ஒரே சொல்லா?"

"ஒன்றல்ல அம்மா. ஒரு 'ம்' வித்தியாசம்."

சார்ஜன்ட் எழும்பினார். அகராதியை மரியாதையோடு இரண்டு கையாலும் நீட்டினார். "புளுகு, பொய். இதில் இருக்கிறது. மற்றது இல்லை. அதனால்தான் நான் திருத்தினேன்."

நீதவான் அகராதியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பூமணி என்னிடம் குனிந்து பேசியதையும் அவர் பார்த்திருக்கிறார் என்பது அடுத்த கேள்வியில் தெரிந்தது. "இந்தப் பெண் உங்களுக்குச் சொந்தமா?"

"இல்லை."

"தெரிந்தவரா?"

"இன்று காலைதான்."

"அவர் காதோடு ஏதோ சொன்ன பிறகு உங்களுக்கு ஒரு சொல்லின் அர்த்தம் மாறியிருக்கிறது."

தம்பிமாரே, மொழிபெயர்ப்பாளன் எதிரிக்காக வார்த்தையை மாற்றினான் என்று ஒரு வரி எழுதப்பட்டால் போதும். பூமணியின் வேலையோடு என் வேலையும் போய்விடும். பயம் என்னிடம் சொன்னது: 'பேசாமல் இரு, அவ இன்னொரு வேலை தேடட்டும்.' நியாயமான யோசனையாகத்தான் இருந்தது. ஆனால் பூமணி கவரை மார்போடு பிடித்துக்கொண்டு, எனக்கு ஏதோ சுகமில்லை என்று நினைத்து, "ஐயாவுக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்களன்" என்றார். தண்ணீர் என்ற சொல்லை அவர் வாயால் கேட்டதும் விறாந்தையில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்ததும் முழங்கால் நின்றது.

"அம்மா, என்னை நம்ப வேண்டாம்," என்றேன். "வெளியே நிற்கிற யாரையாவது கேளுங்கள்."

அவர் அகராதியைச் சார்ஜன்டிடம் திருப்பிக் கொடுத்தார். "நீங்கள் எதையும் விளக்கக் கூடாது. கேள்வியை மட்டும் கேளுங்கள். பதிலை அப்படியே சொல்லுங்கள். சார்ஜன்ட், இவர் சரியாகச் சொல்கிறாரா என்று பாருங்கள்." பிறகு பேனையால் யன்னலைக் காட்டினார். "அந்த வெள்ளைத் தொப்பிக்காரர்."

ஓட்டமாவடியில் இருந்து மாட்டு வண்டில் விவகாரம் ஒன்றுக்காக வந்திருந்த வியாபாரி அவர். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்றதும் முகம் வெளுத்துப்போய் உள்ளே வந்தார். புளுகம் என்றால் என்ன என்று கேட்டேன்.

"இதுக்கா கூப்பிட்ட?" என்று மூச்சு விட்டார். "புளுகமெண்டா... எங்கட மூத்தவன் புறந்த நேரம் நான் ரெண்டு கால்லயும் வேற வேற செருப்பப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன. ஒண்டு பொஞ்சாதிட செருப்பு. போய்ச் சேந்த பொறகுதான் தெரியும். அதான் சேர் புளுகம்."

அப்படியே சொன்னேன். சார்ஜன்ட் தலையாட்டினார். நீதவான் எழுதவில்லை, ஆனால் உதட்டின் ஓரம் அசைந்தது. "இன்னொருவர். அந்தக் குடை வைத்திருக்கும் அம்மா."

எனக்கு மறுபடியும் காது சுட்டது. குடை வைத்திருந்தவர் நான் ஏழாம் வகுப்பில் படித்தபோது எனக்குத் தமிழ் படிப்பித்த ரீச்சர். ஓய்வுபெற்று, ஞாயிறு தவறாமல் மெதடிஸ்த கோயிலுக்குப் போகிறவர். காணி வழக்கொன்றில் சாட்சி சொல்ல வந்திருந்தார். நான் கேள்வியைக் கேட்டேன்.

"வேதத்தில களிகூருதல் எண்டு இருக்குதே மனே, அதுதான். ஆனா களிகூரும்போது கொண்டை அவிழாது. புளுகத்தில அவிழும்." மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "நீ எப்பிடி இதப் பிழைவிட்டாய்? என்ர வகுப்பிலயும் இப்பிடித்தான். கேள்விய முழுசாக் கேக்காம விடை எழுதத் தொடங்கிருவாய்."

நான் முதல் பாதியை மொழிபெயர்த்துவிட்டு நிறுத்தினேன்.

"அவர் இன்னும் ஏதோ சொன்னாரே," என்றார் நீதவான்.

"அது வழக்கோடு சம்பந்தமில்லாதது அம்மா."

"சொல்லுக்குச் சொல், முதலியார்."

சொன்னேன். சார்ஜன்ட் வாயை அகராதியால் மறைத்துக்கொண்டார். எனக்குக் கிடைத்த எல்லாத் தண்டனையிலும் அதுதான் பெரிது. ஆனால் அதற்குப் பிறகு நீதவான் அந்தப் 'பொய்' என்ற சொல்லைத் தன் கையாலேயே வெட்டி, மேலே வேறு ஏதோ எழுதினார். பிறகு சார்ஜன்ட் பக்கம் திரும்பினார்.

"ஒரே ஒரு கேள்வி. அன்றைக்கு அந்த ஊரில் தண்ணீர் வந்ததா?"

"எந்தத் தண்ணீர், அம்மா?"

"பைப்பில்."

சார்ஜன்ட் நெளிந்தார். "வந்தது. எங்கள் காவல் அரணிலும் அன்றைக்குத்தான் வந்தது." சற்று நிறுத்தி, "நாங்களும் கொஞ்சம் சத்தம் போட்டோம்" என்றார்.

"அப்படியானால் இவர் சொன்னது உண்மை. உண்மையைச் சத்தமாகச் சொன்னது பொய்ச் செய்தியாகாது." பேனையை எடுத்தார். எதிரி விடுவிக்கப்படுகிறார்.

அந்த வரியை எதிரிக்குத் தமிழில் சொல்வது என் கடமை. வழக்கமாக அதை நான் மூக்கால் சொல்வேன், கேட்கிறவருக்கே சந்தேகம் வரும். அன்றைக்கு எனக்கு என்ன நடந்தது என்று தெரியாது. பூமணியின் முகத்தைப் பார்த்தேன். கவரைப் பார்த்தேன். என் உத்தியோகமும் என் சட்டைப்பைக்குள் பத்திரமாக இருக்கிறது என்பதை உணர்ந்தேன். இரண்டு கையும் தானாக மேலே போனது.

"விடுதலை!" என்று கத்தினேன். "வழக்கு முடிஞ்சிது! நீங்க போகலாம்! நீங்க எல்லாம் சந்தோசமாப் போகலாம்!"

பூமணி கூண்டுக்குள்ளேயே குந்தியிருந்து அழுதார். முந்தானை வாய்க்குள் இருந்தது. நானும் கண்ணைத் துடைத்தேன். நீதவான்கூடக் கண்ணாடியைத் துடைத்தார். அது வியர்வையாகவும் இருக்கலாம்.

சாமான்களை ஒழுங்குபடுத்திக்கொண்டு அடுத்த வழக்கைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. அதற்கடுத்ததைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. யன்னலால் எட்டிப் பார்த்தேன். விறாந்தை துடைத்து வைத்த மாதிரிக் கிடந்தது. குடையோடு ரீச்சர் மட்டும் வாங்குப் பலகையில் இருந்தார்.

"எல்லாரும் எங்க ரீச்சர்?"

"நீதான போகலாமெண்டு சொன்னாய்," என்றார். "போயிற்றாங்க."

நம் தமிழில் 'நீங்க' என்பது ஓர் ஆளுக்கும் மரியாதை, ஊருக்கும் பன்மை. இதைக்கூடப் படிப்பித்தவர் அந்த ரீச்சர்தான். திறந்த யன்னலால் வெளியே போன என் குரலை விறாந்தையில் நின்ற பதினொரு எதிரிகளும் பன்மையாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஒருவர்கூட மறுகேள்வி கேட்கவில்லை. நீதிமன்றக் கட்டளை ஒன்றுக்கு மக்கள் இவ்வளவு பணிவாகக் கீழ்ப்படிந்ததை நான் அதற்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை.

சப்பாத்துக் கழன்றதையும் பாராமல் பஸ் நிலையத்துக்கு ஓடினேன். ஓட்டமாவடி பஸ் நகரத் தொடங்கியிருந்தது. வெள்ளைத் தொப்பி யன்னல் சீற்றில் இருந்து கையசைத்து, "முதலியார் சேர், அல்லாஹ் உங்களுக்கு நல்ல ஆயுசத் தருவான்!" என்றார். பஸ்ஸுக்கு முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்று அவரை இறக்கினேன். மூன்று பேரைத் தேத்தண்ணீர்க் கடையில் பிடித்தேன். ஒருவர் சலூனில் பாதிச் சவரத்தோடு இருந்தார். பதினொருவரையும் வரிசையாக நடத்திக்கொண்டு வந்து சேர்ந்தபோது எனக்கு ஒரு காலில் சப்பாத்து இருந்தது, மற்றதில் சொக்ஸ். தொப்பிக்காரர் அதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்றவரின் விலாவில் இடித்தார்.

நீதவான் ஆசனத்தில்தான் இருந்தார். முன்னால் அவருடைய தமிழ்க் கொப்பி திறந்து கிடந்தது. அன்றைய பக்கத்தில் ஒரே ஒரு சொல்தான் எழுதியிருந்தார். எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு, கடைசி எழுத்தின் தலையில் புள்ளியை இரண்டு தரம் அழுத்தி.

"முதலியார்," என்றார். "பொதுமக்களுக்குத் தவறான செய்தி சொல்லியிருக்கிறீர்கள். விளக்கம்?"

நான் வாயைத் திறந்தேன். மூன்று மொழியும் மறுபடி வாசலுக்கு வந்தன.

அவர் கொப்பியைப் பார்த்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, முதல்முறையாகத் தமிழில் கேட்டார்:

"புளுகு? புளுக...ம்?"

"ம்," என்றேன். "ம் தான் அம்மா."

"சரி. அடுத்த வழக்கைக் கூப்பிடுங்கள்," என்றார். "மெதுவாக."